சைக்கிள் வாங்கவிருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நாகர்கோவிலுக்கே குடிவரப்போகிறாய் என்று வாசித்தபோது, பள்ளிக்காலம் போல நாம் மீண்டும் சேர்ந்து சைக்கிள் மிதிக்கலாம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. முட்டம் கடற்கரைச் சாலைக்கும் கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்து மண்பாதைக்கும் ஒரே சைக்கிள் போதுமா என்று கேட்டிருக்கிறாய். போதும், ஆனால் எவ்வளவு அகலமான டயர் அதில் நுழையும் என்பதை முதலில் பார்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் சைக்கிளில் இருந்தது 28 மி.மீ. டயர். ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் குலசேகரத்துக்கு அப்பால் தோட்டத்துக்குள் இறங்கினேன். மட்கிய சருகும் செம்மண்ணும் குழைந்து, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளியில் அடைத்துக்கொள்ள, சக்கரம் சுற்றவே இல்லை. குச்சியால் நோண்டிப் பார்த்துவிட்டு, பாதித் தூரம் தோளில் சுமந்து வந்தேன். அந்தப் பயத்தில் அடுத்து வாங்கியது, குலுக்கலைத் தாங்கும் முன்சஸ்பென்ஷனும், முண்டு முண்டாகப் பட்டன் வைத்த பெரிய டயரும் கொண்ட மலைச் சைக்கிள். ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்துத் தார்ச்சாலையில் அதை மிதித்த நாட்களில் முழங்கால் கெஞ்சியது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் விலை குறைந்த சஸ்பென்ஷன் ஃபோர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். நம் பாதைகளுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

ஆகவே, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, சஸ்பென்ஷன் இல்லாத கிராவல் சைக்கிளையோ (வளைந்த ஹேண்டில்பார்) ஹைப்ரிட் சைக்கிளையோ (நேர் ஹேண்டில்பார்) தேர்ந்தெடு; 40 மி.மீ. டயர் போட்ட பிறகும் இருபுறமும் சேறு வழிய இடம் இருக்க வேண்டும். டயரின் நடுப்பகுதி வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு பட்டன்களோடும் இருந்தால், தாரில் இழுக்காது, மண்வளைவில் வழுக்காது. 700 என்றும் 29 என்றும் கடைக்காரர் சொல்லும் இரண்டு சக்கர அளவுகளுக்கும் டயர் அமரும் ரிம் விட்டம் ஒன்றே, 622 மி.மீ.தான், டயர் அகலம்தான் வேறு. ஆண்டில் இரண்டு பருவமழை பெய்யும் ஊரில், ரிம்மைப் பிடிக்காமல் சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பதால், செம்மண் அரைத்து ரிம்மைத் தேய்க்காத டிஸ்க் பிரேக்கே நல்லது.

டயரைப் போலவே காற்றும் முக்கியம். கல்லாக அடித்துத் தரும் பழக்கத்துக்கு இடங்கொடாதே. 70 கிலோ எடையுள்ள எனக்கு 40 மி.மீ. டயரில் காற்றழுத்தம் பின்னால் 45 பவுண்டு (பம்பில் PSI), முன்னால் 40 பவுண்டு சரியாக இருக்கிறது; தோட்டத்துக்குள் இன்னும் ஐந்து குறைப்பேன். அதற்கும் கீழே போனால் கல்லில் ரிம் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழியும். முட்டத்து உப்புக்காற்று செயினைத் துருவேற்றும் என்பதால், அங்கே போய்வந்த அன்றே துடைத்து எண்ணெய் விடு.

பணம் கட்டும் முன் எனக்கு எழுது. நானும் கடைக்கு வந்து, அந்த இடைவெளியில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்