பழைய வங்கிக் கட்டடம் வாங்குவோர் கவனத்துக்கு

ஐயா,

நீலகிரியில் பழைய வங்கிக் கட்டடங்கள் கைமாறி விடுதியாகவும் உணவகமாகவும் மாறுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பூட்டிப் போட்டால் இன்னும் சீக்கிரம் பாழாகும். வேலையைத் தொடங்கும் விதம்தான் சரியில்லை.

முதலில் பத்திரம். மெட்ராஸ் வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் இணைந்தது. அது 1955 ஜூலை 1இல் ஸ்டேட் வங்கியானது. இரண்டும் சட்டத்தால் வந்த மாற்றம், கிரயம் அல்ல. இதற்கு வில்லங்கச் சான்றில் பதிவு தேடினால் கிடைக்காது. பட்டாவில் பழைய பெயரே இருந்தால், விற்பவர் தம் பெயருக்கு மாற்றிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

அடுத்தது பெட்டக அறை. இடம் கிடைக்குமே என்று முதலில் அதைத்தான் இடிக்கிறார்கள். அதன் மேல்தளம் பெரும்பாலும் இரும்பு கர்டர்களுக்கு இடையே செங்கல் வளைவாகக் கட்டியது. ஒரு வளைவு அடுத்ததை நெட்டித் தாங்கும். நடுவில் ஒன்றை எடுத்தால் பக்கத்து வளைவும் பிளக்கும். இரும்புக் கதவின் சட்டமும் சுவருக்குள் பதிந்திருக்கும், அப்படியே விடுங்கள். பூட்டுத் தண்டுகளை உள்ளே இழுத்து வெல்டிங் வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத அறை அது. விளையாட்டாக ஒரு குழந்தை கதவைச் சாத்தினால் போதும்.

பெரிய தவறு சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விடும். சிமென்ட் பூசினால் மயிரிழை வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. உப்புப் பூத்து, பூச்சு செங்கல்லின் மேல்தோலோடு பெயர்ந்து வரும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் வேறு அடிக்கிறார்கள்!

சிமென்டைக் கொத்தி எடுத்த சுவரை நன்றாக உலர விடுங்கள். ஊறவைத்து நீர்த்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு. ஒரு பூச்சு 10 முதல் 12 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். அது இறுகிய பிறகே அடுத்தது. ஈரச் சாக்குத் தொங்கவிட்டால் வெடிக்காது. கணப்பு அடுப்புகளை அடைக்கிறவர்கள் புகைபோக்கியின் கீழே காற்றுத் துளையும் மேலே மூடியும் வைக்க வேண்டும், இல்லையேல் அந்தச் சுவர் மட்டும் ஓதம் காக்கும்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஈரச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழைக்கு முன் வெளிப்பூச்சை முடியுங்கள். அதற்குள் முடியாதென்றால் திறப்பு விழாவைத் தள்ளிவையுங்கள். மறுபூச்சுச் செலவு அதைவிட அதிகம்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புப் பணியாளர்கள்,
குன்னூர்.