எண்ணெய் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும் என்றிருந்தது. போதாது. என் டொக்கரேவ் டிடி-33 என்ற பழைய சோவியத் ராணுவக் கைத்துப்பாக்கியில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கச் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. ஈரத்தை இழுத்துத் துருவாக்கிவிடும். எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஒருநாள் சோம்பல்பட்டு எண்ணெய் மட்டும் போட்டு வைத்தேன். மறுவாரம் குழலுக்குள் விட்டு இழுத்த வெள்ளைத் துணி செங்கல் நிறத்தில் வந்தது. வயிறு கலங்கிவிட்டது. இப்போதெல்லாம் வெந்நீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய்.

சிலைடை, அதாவது சுடும்போது பின்னுக்குப் போய்வரும் மேல்பாகத்தை, முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அது தளர்ந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் சிலைடு பின்னால் போய் இடிக்கும்; பழைய இரும்பு எத்தனை நாள் தாங்கும்? புதிது மாட்டிச் சுடலாம். ஆனால் கழற்றிய பழசை எறிந்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களுக்கு அசல் பாகங்கள்தான் முக்கியம். லூகர் என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியில் சின்னப் பாகங்களில்கூட எண் பொறித்திருப்பார்கள், ஒன்று மாறினாலும் அவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இப்படிக்கு,
டொக்கரேவ் வைத்திருக்கும் ஒரு வாசகன்