என் மூக்கு எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், கொரோனா காலத்தில் தனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்றும், ஒழுங்காக இருந்தவர்களை அது அண்டவே இல்லை என்றும் எழுதியிருந்தார். நல்லது, அவர் நன்றாக இருக்கட்டும். நானும் ஒரு வருஷம் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன்.

கடலூர் முதுநகரில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். மாமியார் காலத்துத் தொழில். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடும் சமயத்தில், அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்த எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கிடைத்த லாரியில் ஏறி ஊர் திரும்பினார்கள். அடுத்த சில நாட்களில் கடலூரின் பெயர் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். வாசலில் மஞ்சள் தண்ணீர், நிலையில் வேப்பிலை, விடிந்ததும் கபசுரக் குடிநீர். கடைக்கு வரும் நோட்டையெல்லாம் சோப்புத் தண்ணீரில் முக்கி, நெத்திலி காயவைப்பது போல மாடியில் பரப்பிக் கல் வைப்பேன். ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள் காற்றில் போனது தனிக் கதை. இத்தனையும் செய்தவள் கடையின் பின்பக்கத்துச் சன்னலை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் கருவாட்டு வாடைக்குப் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். நோய் மூச்சுக் காற்றில்தான் அதிகம் பரவுகிறது, நோட்டில் அல்ல என்று அடித்துச் சொல்லக் கேட்டது வெகு நாள் கழித்து.

எனக்கு வந்தது 2021 மே 9, ஞாயிற்றுக்கிழமை என்பது என் கணிப்பு. மறுநாளிலிருந்து முழு ஊரடங்கு, அதற்கு முந்தைய அந்தச் சனி, ஞாயிறு மட்டும் கடை திறக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15இல் கட்டிய விசைப்படகு ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. பச்சை மீன் குறைந்தால் கருவாட்டுக்குக் கிராக்கி. காராமணிக்குப்பம் திங்கள் சந்தையும் இருக்காது என்றதும் அத்தனை பேரும் என் கடையில். தீபாவளிக் கூட்டம். முகக்கவசம் போட்டுத்தான் இருந்தேன். ஆனால் நான் சொல்லும் விலை யாருக்கும் காதில் விழவில்லை என்று தாடைக்கு இறக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல். பரிசோதனையில் பாசிட்டிவ். பாராசிட்டமால், ஜிங்க், வைட்டமின் சி மாத்திரைகளோடு பின்கட்டில் ஒதுங்கினேன். பக்கத்து வீட்டு டீச்சர் தினமும் ஆக்சிமீட்டரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் 108க்குப் போன் செய்ய வேண்டும் என்று மகன் காத்திருந்தான். 94லேயே நின்றது. படுக்கை கிடைக்காமல் ஜனங்கள் ஆம்புலன்ஸுக்குள்ளேயே காத்துக் கிடந்த மாதம் அது. சரி, பிழைத்தேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள், வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று ஒரு துண்டு வாளைக் கருவாட்டைத் தணலில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தெருவிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: “என்னா கருகுது? தெருவே நாறுது!” எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் வாளை கரிக்கட்டையாகக் கிடந்தது.

பதினான்கு நாள் முடிந்ததும் ‘குணமடைந்தோர்’ எண்ணிக்கையில் நானும் ஒருத்தியாகச் சேர்ந்திருப்பேன். அந்தக் கணக்குதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சரக்கு வந்தால் கட்டின் மேலே இருப்பதைப் பார்க்கக் கூடாது. நடுவில் கையை விட்டு ஒன்றை உருவி, கழுத்துப் பக்கம் ஒடித்து மூக்கில் வைக்க வேண்டும். உப்பு சரியாக ஏறியதா, மழையில் நனைந்ததை மறுபடி காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறானா, போன வருஷத்துச் சரக்கைப் புதிதோடு கலந்திருக்கிறானா, எல்லாம் அந்த ஒரு முகர்தலில் தெரிந்துவிடும். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் நவம்பரில் மழை கொட்டி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அதற்கப்புறம் வந்த ஒரு சுறாக் கட்டைப் பண்ருட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். இருபது வருஷ வாடிக்கை. மூன்றாம் நாள் கட்டோடு திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை. “அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். “உயிர் தப்பியதே பெரிசு, வாசனைக்கு வந்துட்டீங்களாம்மா?” என்று சிரித்து அனுப்பினார்கள். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார்: வைரஸ் தாக்குவது பெரும்பாலும் வாசனை நரம்புகளை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் செல்களை, அதனால் பழக்கினால் திரும்ப வாய்ப்பு உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். ஒவ்வொன்றையும் காலையும் மாலையும் இருபது விநாடி, அதன் வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். நான் ஐந்தாவதாக ஒரு நெத்திலியையும் வைத்துக்கொண்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை.

முதலில் கிராம்பு வந்தது. அப்புறம் எலுமிச்சை. காபி வந்தது, ஆனால் ரப்பர் எரிகிற வாடையாக வந்தது. வெங்காயம் வதக்கினால் சாக்கடை. கருவாடு பாதிதான் வந்திருக்கிறது: இருக்கிறது என்று தெரியும், நல்லதா கெட்டதா என்று தெரியாது.

இப்போது எங்கள் கடைக்கு மூக்கு என் மருமகள். வடலூர்ப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கடைப்பக்கம் வருவாள். நான் முகம் சுளித்திருக்கிறேன். இன்று கட்டைப் பிரித்து அவளிடம் நீட்டுகிறேன். “இது வேணாம் அத்தை, சிக்கு வாடை அடிக்குது” என்றால் வேண்டாம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பும் அவளைத்தான் கூப்பிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் அதே வீட்டில், அதே சட்டியில் சாப்பிட்டவர். தனக்கு வரவே இல்லை என்பார். அவர் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் என்கிற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நாடு முழுக்க ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 67.6 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. தடுப்பூசியால் வந்ததும் அதில் உண்டு. ஆனால் வந்ததே தெரியாமல் போனவர்கள் ஏராளம். கடிதம் எழுதிய வாசகரும் அதில் ஒருவராக இருக்கலாம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் அந்த நான்கு வாசனைப் பயிற்சியை ஒரு முறையாவது போடுங்கள். டீக்கடைக்காரர், சமையல்காரர், பூக்கட்டுபவர் என்று என்னைப் போல யாராவது வெளியே சொல்லாமல் இருப்பார்கள். அப்படி இருப்பவர்களில் காபி வாசனை சரியாகத் திரும்பியவர்கள் உண்டென்றால், எத்தனை மாதம் ஆனது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நான் தினமும் படிக்கிறேன்.

— ஒரு கருவாட்டு வியாபாரி,
கடலூர் முதுநகர்