தலைமை ஆசிரியர்களுக்கு: வாரம் ஒரு பாடவேளை காதுக்குக் கொடுங்கள்

மதுரை மாவட்ட அரசுப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மேலூர்ப் பக்கத்தில் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை எழுதுகிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை, பாட்காஸ்ட் கேட்கவைத்துப் பாடம் நடத்த எங்களை அனுமதியுங்கள். அனுமதித்த பிறகு அதற்குப் புகைப்படம் கேட்காதீர்கள்.

இரண்டாவது வேண்டுகோள் விளையாட்டுக்குச் சொன்னதல்ல. மரம் நட்டால் படம், உறுதிமொழி எடுத்தால் படம் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டே பழகிவிட்டோம். ஆனால் கூர்ந்து கேட்கும் வகுப்பைப் படம் எடுத்தால் ஆசிரியர் வராத வகுப்பைப் போலத்தான் இருக்கும். ஒருவன் மோட்டுவளையைப் பார்ப்பான். ஒருத்தி மேசையில் தலை சாய்த்திருப்பாள். அந்தப் படத்துக்கு யார் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது என்றே பலர் இந்தப் பக்கம் வருவதில்லை.

எட்டாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பெரியாறு அணையைப் பற்றி நானும் சக ஆசிரியர் ஒருவரும் கைபேசியில் பேசிப் பதிந்த சிறிய ஒலிப்பதிவு. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மறித்து ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே திரும்பியது. அது வைகையில் சேர்ந்து, பேரணை என்ற இடத்தில் கால்வாயாகப் பிரிந்து, கள்ளந்திரி தாண்டி எங்கள் ஊர் வயல்களுக்கு வருகிறது. சுரங்கம் என்ற இடத்தில் பதிவை நிறுத்தி, "தண்ணீர் மலையேறுமா?" என்று கேட்டேன். ஏறாது என்றார்கள். அப்படியானால் சுரங்கத்துக்குள் எப்படிப் போனது? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அணை கட்டினால் தண்ணீர் மட்டம் உயரும் டீச்சர்" என்றாள். மீதிப் பதிவையும் கேட்டு முடித்ததும் ஒரு பையன் எழுந்தான்: "அதே தண்ணீர்தானே? கள்ளந்திரி வரை இரண்டு போகம், நமக்கு மட்டும் ஏன் ஒரு போகம்?" பாடநூலில் இதற்குப் பதில் இல்லை. மிச்சமிருந்த நேரம் முழுவதும் இந்த வாக்குவாதத்திலேயே போயிற்று. போகட்டுமே!

கல்வித் தொலைக்காட்சி 2019-இல் வந்தது, பாடக் காணொளிகள் தரும் மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. இரண்டையும் நான் பயன்படுத்துகிறேன். வரைபடமும் வடிவியலும் ஒலியில் அடங்காதவை. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஓடுகிற காணொளியை நடுவில் நிறுத்திப் பாருங்கள், வகுப்பே கூச்சல் போடும். ஒலியை நிறுத்தினால் பிள்ளைகள் யோசிக்கிறார்கள். தமிழ்ப் பாடத்தில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று கேட்டலைத்தான் முதலில் சொல்கிறோம். கால அட்டவணையில் அதற்கென்று ஓர் இடம் உண்டா?

செலவு பெரிதில்லை. பத்து நிமிடப் பதிவை விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத பள்ளியிலும் ஓடும். கைபேசியின் ஒலி மட்டும் போதாது, மின்விசிறி சுழன்றால் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். அதையும் ஆசிரியர் மேசையில் வைக்காமல் வகுப்பின் நடுவில் வைக்க வேண்டும்.

தயவுசெய்து, இதைப் பெற்றோர் குழுவில் இணைப்பாக அனுப்பி "வீட்டில் கேட்டு வரவும்" என்று முடித்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் பலருக்கு வீட்டுக் கைபேசி என்பது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது. நாற்பது நிமிடப் பேட்டிகளையும் வகுப்பில் ஓடவிட வேண்டாம். பெரியவர்களான நாமே பயிற்சி வகுப்பில் அவ்வளவு நேரம் உட்காருவதில்லையே.

பதிவுக்கு விஷயம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாங்குளத்தில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி இருக்கிறது. ஊருக்கு ஊர் கண்மாய் இருக்கிறது, மடை திறந்த கதை சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். கைபேசியை மாணவர் கையில் கொடுத்து அவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்லலாம், நாங்கள் தொடங்கிவிட்டோம்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும் உங்கள் ஆசிரியர்களிடம் ஒரு பென் டிரைவ் கொடுத்தனுப்புங்கள். இதுவரை பதிந்தவற்றை ஏற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்துச் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர்