படத்தைக் கடைசியில் போடு

காரைக்குடி,
கார்த்திகைக் கடைசி

அன்புள்ள லெட்சுமணா,

நீ அனுப்பிய பாடத்திட்டம் வந்தது. சைவத்தையும் தமிழ்ச் சினிமாவையும் ஒரே தாளில் வைக்க உங்கள் துறை ஒப்புக்கொண்டதே பெரிது. எனக்கு உதைப்பது ஒன்றுதான்: முதல் வாரமே ‘திருவிளையாடல்’ படம் போடப்போகிறாய்.

1965-இல் வந்த படம். தருமி என்றால் நாகேஷ், நக்கீரர் என்றால் ஏ.பி. நாகராஜன் என்று அன்றைக்கே முடிவாகிப்போயிற்று. அந்தக் குரல் காதில் ஏறிய பிறகு எந்தப் பிள்ளையும், திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவரின் விருத்தப் பாட்டைத் தன் குரலில் படிக்காது. சிரித்து ஓய்ந்த வகுப்பைப் புத்தகத்துக்குத் திருப்புவதும் லேசில்லை. படத்தைக் கடைசிக்குத் தள்ளு.

குறுந்தொகை இரண்டாம் பாட்டில் தொடங்கு. ஐந்தே அடி, பாடியவர் பெயர் இறையனார். கதையில் இறைவன் தருமிக்கு எழுதிக்கொடுத்த பாட்டு இதுதான். தலைவன் தும்பியிடம், அதாவது வண்டிடம், கேட்கிறான்: இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ நீ அறிந்த பூக்களில் உண்டா? அவ்வளவுதான். ‘இயற்கை மணமா, செயற்கை மணமா’ என்ற வழக்கே பாட்டில் கிடையாது. அது பின்னால் வந்த கதையின் சரக்கு. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லிவிடாதே. இரண்டாம் அடியை மட்டும் பலகையில் எழுதி வை: ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’. என் ஆசைக்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல். பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்தது அப்பர். தருமிக்குப் பொற்கிழி தந்த கதையை ஏழாம் நூற்றாண்டிலேயே அவர் பாடிவிட்டார். எந்த ஊர்ப் பதிகத்தில் என்று கேள், எல்லாரும் மதுரை என்பார்கள். நம் திருப்புத்தூர்! ஆறாம் திருமுறையில் திருத்தளிநாதரைப் பாடும் தாண்டகத்தில், ‘நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கம் ஏறி’ என்று வருகிறது. பிள்ளையார்பட்டி வரைக்கும் போய்க் கும்பிட்டுத் திரும்புகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பதிகத்தில் நக்கீரர் பேச்சே இல்லை என்பதையும் கவனிக்கச் சொல். அப்பருக்கு அது அருளின் கதை, வழக்காக்கியது புராணம்.

பரஞ்சோதியில் 52-ஆம் படலம் தருமிக்குப் பொற்கிழி, 53 கீரனை (நக்கீரரை) கரையேற்றியது, 54 கீரனுக்கு இலக்கணம் உபதேசித்தது. மூன்றையும் சேர்த்து எடு. பெரும்பற்றப்புலியூர் நம்பி பாடிய பழைய திருவிளையாடலும் ஒன்று இருக்கிறது. அதில் வரிசை வேறு. எந்த நூல் என்று எழுதாமல் எண்ணை மட்டும் போட்டால் கட்டுரைகள் குழம்பும். விருத்தங்களைச் சந்தி பிரிக்காமல் கையில் கொடுத்தால் இரண்டாம் வரியிலேயே வகுப்பு உறைந்துவிடும். ஆறேழு பாட்டுப் போதும், பதம் பிரித்து அச்செடுத்துக்கொள். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரை துணைக்கு இருக்கிறது.

சைவ சித்தாந்தம் உள்ளே வரும் இடம் இது. புலவராக வந்த இறைவன் படிப்படியாகக் கேட்கிறார்: பெண்களில் உத்தம வகை என்கிற பதுமினியின் கூந்தல்? தேவமகளிர் கூந்தல்? நீ வழிபடும் காளத்தியில் அம்மை ஞானப்பூங்கோதையின் கூந்தல்? மூன்றுக்கும் கீரர் ஒரே பதில்தான் சொல்கிறார்: பூவால் வரும் மணமே. முதல் பதிலில் தப்பில்லை. மூன்றாவதில்தான் வழுக்குகிறார். இறைவன் திருமேனி மாயை என்ற சடப்பொருளால் ஆனதன்று, அருளால் ஆனது என்பது சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். சத்தி அவனுக்கு வேறில்லை. மாயையில் ஆன உடம்புக்கு உள்ள நியாயத்தை அங்கே நீட்டினால் நிற்காது. காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (ஆகமம் என்ற இறைநூலின் வாக்கு) என்று அறிவதற்கு மூன்று அளவை சொல்லிக்கொடுத்திருப்பாய் அல்லவா? கீரர் காண்டலையும் கருதலையும் உரை பேசவேண்டிய இடத்தில் வைத்துவிட்டார். இப்போது பலகையில் இருக்கும் ‘கண்டது மொழிமோ’வைக் காட்டு. தும்பியிடம் காண்டல் கேட்டுப் பாட்டு எழுதியவரே ஆகமம் அருளியவர் என்றால், அவர் எழுதிய அகப்பாட்டு உரை அளவையா, வெறும் கவிதையா? இதற்கு எனக்கும் பதில் இல்லை. ஒரு வகுப்பு முழுக்க இதிலேயே போனாலும் நஷ்டமில்லை.

இந்த இடத்தில் பட்டிமன்றம் வைக்கச் சொல்லி யாராவது கை தூக்குவார்கள். கம்பன் விழா பார்த்து வளர்ந்த ஊர், குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்து கேட்ட காது. ஆசை வராமல் இருக்காது. ஆனாலும் வேண்டாம். ‘கீரர் சரியா, தவறா’ என்று இரண்டு அணி பிரித்த நிமிஷமே மூன்று கேள்வியும் ஒன்றாகிவிடும், மூன்று அளவையும் காணாமல் போகும். ஆளுக்கொரு அளவையைக் கொடுத்து அதற்குள்ளேயே நின்று பேசச் சொல்.

இதெல்லாம் முடிந்த பிறகு படம். முழுப்படம் வேண்டாம், தருமி பகுதி போதும். நெற்றிக்கண் திறக்கும் முன்னே நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகவேண்டும்?’ என்று எழுதி வாங்கிவிட்டு மிச்சத்தைப் போடு. புராணத்தில் தருமி தாய்தகப்பன் இல்லாத, கோயில் பூசைக்குரிய ஆதிசைவக் குலத்துப் பிள்ளை. கல்யாணம் ஆனால்தான் ஆகமப்படி பூசை செய்ய முடியும், அதற்காகப் பொன் கேட்கிறான். படத்தில் அவன் வறுமைப்பட்ட புலவன். ஆகமம் கழன்று பசி வந்து உட்கார்ந்தது; அதனால்தான் தியேட்டர் முழுக்க அவன் பக்கம் சாய்ந்தது. ‘நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே’ பரஞ்சோதி வாக்கு என்று பலர் மேற்கோள் காட்டுகிறார்கள், அந்தச் சொற்றொடர் அங்கே இல்லை. அங்கே கீரர் இன்னும் காரமாக, உன் உடம்பெல்லாம் கண்ணானாலும் பாட்டு குற்றமே என்கிறார். நெற்றிக்கண் வெப்பத்தில் விழுந்த பொற்றாமரைக் குளத்திலிருந்து கரையேறப் புராணத்தில் அவருக்குத் தனிப் படலமே ஆகிறது. அதற்கப்புறம் இலக்கணப் பாடம் வேறு. படத்தில் சட்டென்று எழுந்துவிடுகிறார். விமரிசகன் பணிவது அங்கே, ஜெயிப்பது இங்கே. இதை ‘சினிமா கெடுத்துவிட்டது’ என்று எழுதும் பிள்ளைக்கு மார்க் குறை. படம் முழுக்க அம்மை கோபித்துப்போன முருகனுக்குச் சொல்லும் கதை என்பதைக் கவனித்து எழுதினால் தாராளமாகப் போடு.

சங்க நக்கீரரையும் பதினோராம் திருமுறை நக்கீரதேவ நாயனாரையும் ஒருவராக்கி நாலைந்து பேராவது எழுதுவார்கள். முதல் நாளே எச்சரித்துவிடு.

இங்கே பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இழை எடுக்கும் அன்றைக்கு நீயும் ஆச்சியும் வந்துவிடுங்கள். மறுநாள் காலை திருப்புத்தூர் போகலாம். அச்செடுத்த விருத்தங்களைக் கையோடு கொண்டு வா, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சொக்கலிங்கம்