கேரளாவில் எந்த ஊர் என்று கேட்டவருக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் எனக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மலையூர்களின் கதைகளைத் தொகுத்து முதுகலை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். அதில் நன்றி சொல்ல அரைப் பக்கம்தான் தருகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

முதல் நன்றி, சிரிக்காதீர்கள், விடுதியில் சேர்ந்த அன்று 'மலையாளி' என்றிருந்த என் சாதிச் சான்றிதழைப் பார்த்து, "கேரளாவுல எந்த ஊரும்மா?" என்று கேட்டவருக்கு. "ஏற்காடுங்க" என்றேன். "அப்புறம் எப்படி மலையாளி?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் மூன்று வருஷம், யார் கேட்டாலும் "மலைப்பக்கம்" என்று மழுப்பியே ஓட்டினேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே அதிகம் பேர் மலையாளிகளான நாங்கள்தான், 3,57,980 பேர். அத்தனை பேரில் ஒருத்தி தன் பெயரைச் சொல்லக் கூசினேன்.

அறைத்தோழி பாலக்காட்டுக்காரி. ஓணத்தன்று பாயசத்தை நீட்டி, "உங்க வீட்ல என்ன பேசுவீங்க?" என்றாள். தமிழ்தான் என்றேன். "அப்போ இந்தப் பேரு?" கிண்டலில்லாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்தக் கேள்வியோடு தமிழம்மாவிடம் போய் நின்றேன். அவர் முதலாளி, தொழிலாளி, மலையாளி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. மலையோடு 'ஆளி' சேர்ந்தால் மலைக்காரி என்று எனக்கே புரிந்தது.

சரி, என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு வருவோம். காப்பிப் பழம் பறித்தே காய்த்துப்போன கை. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறினார்களாம். மூத்தவர் சேர்வராயன் மலைக்கு, மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும். "நாம மூத்தவரு வழி கண்ணு, அதான் வீம்பு ஜாஸ்தி" என்பாள். வெள்ளைக்கார கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தது 1820 வாக்கில். அதற்கு முன் என்ன செய்தோம் என்றேன். "சாமை வெதச்சோம்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அதே அண்ணன் தம்பி கதை, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் எழுதி 1909இல் வந்த நூலில், நான்காம் தொகுதியில் இருக்கிறது. தேடி எடுத்துத் தந்த நூலகருக்கு நன்றி. ஆட்களின் மண்டையை அளந்து பார்த்த மனிதர் என்பதால் கொஞ்சம் எரிச்சலோடுதான் புரட்டினேன். பள்ளிக்கூடமே போகாத ஆயா சொன்னது அங்கே அச்சில் கிடந்தபோது கை நடுங்கியது.

கதை பதிந்திருந்த கைப்பேசியைக் கடைசிப் பேருந்தில் விட்டுவிட்டேன். அதைப் பத்திரமாக வைத்திருந்து, மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிக் கொண்டுவந்து தந்த கண்டக்டர் அண்ணனை மறக்கமாட்டேன்.

மடலை ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூத்தவர் கதையை இரண்டு இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறேனாம். எந்த இடம் என்று இன்னும் சொல்லவில்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மலையாளிப் பெண் ஒருத்தி
ஏற்காடு