வண்டி முள் ஏறவில்லை என்றாயாமே

அன்புள்ள பாபுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வண்டியில் டெம்பரேச்சர் முள் ஏறுவதே இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். டிப்போவில் டீசல் புகை தின்றே தலை நரைத்தவன் நான் ஒருத்தன் வீட்டில் இருக்கிறேன். என்னிடம் சொல்லியிருக்கலாம். அவள் வந்து "வண்டிக்கு ஜுரமே வரமாட்டேங்குதாம்" என்கிறாள். நான் என்ன புரிந்துகொள்வது?

முதலில் ஒன்று சொல். எவ்வளவு தூரம் ஓட்டியும் ஏறவில்லை? டீசல் இன்ஜின் பெட்ரோல் வண்டி மாதிரி சட்டென்று சூடேறாது. ஐடிலில் நிறுத்தி வைத்தால் சீக்கிரம் ஏறவே ஏறாது. பெங்களூர் குளிரில் கேட்கவே வேண்டாம். தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் முள் ஏறவில்லை என்றால் அது வண்டியின் குறை இல்லை. ஆனால் ஆபீஸ் வரைக்கும், அந்த மேம்பாலம் எல்லாம் ஏறி இறங்கி ஓட்டியும் ஏறவில்லை என்றால், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டில் எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஃபாஸ்டேக் இன்னும் என் நம்பரில்தான் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி டோலில் பணம் எடுத்த மெசேஜ் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று தவறாமல் வரும். தீபாவளிக்கு அப்புறம் வரவில்லை. சர்வீஸ் ரோட்டில் போகிறாயோ, வீட்டிலிருந்தே வேலையோ. இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் பண்ணும் முன் கூலன்ட் தண்ணீரின் அளவைப் பார். அது குறைந்திருந்தாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் முள் சரியாகக் காட்டாது. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார். அந்த வால்வுக்குள் இருப்பது மெழுகு. தண்ணீர் 80, 90 டிகிரிக்கு வந்தால்தான் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை ஹோஸ் குளிர்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். முள் கீழே இருக்கும்போதே ஹோஸ் வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை என்று அர்த்தம். ஓட்டி வந்த பிறகு ஹோஸ் கை வைக்க முடியாமல் சுடுகிறது, முள் மட்டும் படுத்தே கிடக்கிறது என்றால் வால்வில் குறை இல்லை. சென்சாரோ மீட்டரோ போயிருக்கும். இன்னொன்று, சிக்னலில் நிற்கும்போது கொஞ்சம் ஏறிய முள், காலி ரோட்டில் வேகம் பிடித்ததும் இறங்குகிறதா பார். இறங்கினால் வால்வேதான்.

மெக்கானிக் யாராவது "வால்வைக் கழட்டிப் போட்டுடலாம் சார்" என்பான். விடாதே. நம்ம ஊர் லாரிப் பட்டறைகளில் காலங்காலமாக அதைத்தான் செய்கிறார்கள், வேலூர் வெயிலில் இன்ஜின் கொதிக்காமல் இருந்தால் போதும் என்று. இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடக் குடிக்கும், எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார். ஆயில் அளவு ஏறியிருந்தால் உடனே மாற்று. புது வால்வும் கேஸ்கெட்டும் போடச் சொல். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும்.

கழட்டிய பழைய வால்வை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வை. கொதிப்பதற்குள் திறந்து, ஆறும்போது மூட வேண்டும். பத்தாவது படிக்கும்போதே அம்மாவின் பால் பாத்திரத்தில் இதைச் செய்து பார்த்து அடி வாங்கினவன் நீ. உனக்குப் போய் நான் சொல்கிறேன். டிப்போவில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன் தெரியுமா? அப்படிப்பட்டவன் இப்போது ஒரு வால்வுக்கு அம்மாவைத் தூது விடுகிறான்.

குடியாத்தத்தில் சித்தப்பா கடையை மூடிவிட்டு வந்தபோது நம் வீட்டில் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? நீயே பார்த்தாய் அல்லவா.

அங்கே பார்க்க முடியவில்லை என்றால் வண்டியை இங்கே எடுத்து வா. நானே பிரித்துப் பார்க்கிறேன். கிருஷ்ணகிரி வழியாக 200 கிலோமீட்டர் ஓட்டி வந்தால் வால்வின் லட்சணம் தெரிந்துவிடும். ஃபாஸ்டேகில் 1000 ரூபாய் போட்டிருக்கிறேன். மாடி ரூமை அம்மா கழுவிவிட்டாள். முள்ளு கத்தரிக்காயும் வந்துவிட்டது. லீவு எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன், அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

வழியில் எங்கே நிறுத்தினாலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே.

அப்பா